காதைப் பிடித்து அழுதாள். நோ பல்லில் இருந்தது



பிள்ளை அழுதால் நாங்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எங்க பிள்ளை நோகுது?" என்பதைத்தான். பேசத் தெரிந்த பிள்ளை "பல்லுக் கொதிக்குதம்மா" என்று சொல்லிவிடும். மூன்று வயதுப் பிள்ளைகூட வாயைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டும். ஆனால் என்னுடைய இளைய மகளிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவள் காது கேளாத பிள்ளை. சாப்பாடு, தண்ணீர், பள்ளிக்கூடம், நித்திரை என்று எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் சைகை இருந்தது. நோவுக்கு மட்டும் சைகை இருக்கவில்லை. அதனால் தன்னுடைய எட்டாவது வயதில் அவள் ஒரு பல்லை இழந்தாள். இனி முளைக்காத பல் அது.

என்னைப் போன்ற தாய்மார் இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். உங்கள் பிள்ளைக்கு இப்படி நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகின்றேன்.

காது மெசினில் பிழை என்று நினைத்தேன்

அது 2022ஆம் ஆண்டு. பெற்றோலுக்கு மைல்கணக்கில் வரிசை நின்ற காலம். நாங்கள் வவுனியா மாவட்டத்தில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் இருக்கின்றோம். என் கணவருக்கு 2009இல் காலில் பட்ட காயத்தால் பாரமான வேலை செய்ய முடியாது. நான் இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுத்து வருகின்றேன்.

ஒருநாள் பின்னேரம் மகள் வலது காதில் இருந்த மெசினைக் கழற்றி முற்றத்தில் எறிந்தாள். எடுத்து மாட்டினேன். மறுபடியும் கழற்றி எறிந்தாள். எவ்வளவு பேரிடம் அலைந்து பெற்றுக்கொண்ட சாமான் அது! அதற்குப் பற்றறி வாங்கவே நாங்கள் கஷ்டப்பட்ட காலம். கோபத்தில் முதுகில் இரண்டு அடி போட்டேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த இரண்டு அடியையும் நான் இன்றுவரை மறக்கவில்லை.

இரவிலும் காதைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். காதுக்குள் வைக்கும் அச்சு பிள்ளை வளர வளர இறுகிப்போகும், அதனால்தான் நோகின்றது என்று நினைத்தேன். பஸ் கிடைத்த ஒரு நாளில் காது கிளினிக்குக் கொண்டுபோனேன். புதிய அச்சுக்கு அளவெடுத்தார்கள். அது வந்து சேர மேலும் நாட்கள் போயின. புதிய அச்சைப் போட்டும் அவள் அழுதாள். இரண்டாவது தடவை போனபோது டொக்டர் காதை வடிவாகப் பார்த்துவிட்டு, "காதில ஒண்டும் இல்லை அம்மா. பிள்ளையின்ர வாயைப் பாத்தீங்களோ?" என்று கேட்டார்.

நான் பார்த்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். வலது பக்கம், கீழே, எல்லாப் பற்களுக்கும் பின்னால் இருந்த பல்லின் நடுவில் கறுத்த குழி ஒன்று. அதில் சோற்றுப் பருக்கை அடைந்து கிடந்தது.

கீழ்த்தாடைப் பற்களுக்கும் காதின் முன்புறத்துக்கும் உணர்ச்சியைக் கொண்டுசெல்வது ஒரே நரம்பின் கிளைகள்தான் என்று பின்னர் அறிந்துகொண்டேன். அதனால் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வரும் நோ காதில் வருவதுபோலத் தெரியும். பெரியவர்களுக்கே அது புரிவதில்லை. காது கேளாத பிள்ளை காதைப் பிடித்தால் எங்களுடைய புத்தி உடனே மெசினுக்குத்தான் போகின்றது, வாய்க்குப் போவதில்லை.

"பாற்பல்தானே" என்று விட்டுவிட்டேன்

குழியைக் கண்ட பிறகும் நான் ஓடவில்லை. "எட்டு வயசுதானே, விழுந்து முளைக்கிற பல்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது எங்களிற் பலர் விடுகின்ற பிழை.

பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறு மாதத்தில் முதற் பல் வரும். மூன்று வயதுக்குள் 20 பாற்பற்களும் வந்துவிடும். ஆறு வயதை அண்டியதும், பாற்பற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பெரிய கடைவாய்ப்பற்கள் முளைக்கும். இவை எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால் தாய்மாரின் கண்ணிற் படுவதில்லை. பட்டாலும் பாற்பல் என்றே நினைத்துவிடுகின்றோம். உண்மையில் அவை ஆயுள் முழுவதற்கும் உரிய நிரந்தரப் பற்கள். என் மகளின் பழுதான பல்லும் அதுதான்.

அதற்காகப் பாற்பல்லைக் கவனிக்காமல் விடலாம் என்பதல்ல. பின்பக்கப் பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருப்பவை. அவற்றிலும் சீழ் கட்டும். நேரத்துக்கு முன் அவற்றைக் கழற்ற நேர்ந்தால், பின்னால் வருகின்ற பற்கள் நெருக்குப்பட்டுக் கோணலாக முளைக்கும்.

காது கேளாமை பல்லைச் சூத்தையாக்குவதில்லை. ஆனால் சில பிள்ளைகளுக்கு இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம். என் மகள் 2014இல் மாதம் நிறையாமற் பிறந்து, கடும் மஞ்சட்காமாலையோடு பல நாட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவள். அதனால் காது பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று டொக்டர்மார் சொன்னார்கள். அந்த ஆறு வயதுப் பற்களின் வெளிப்படையான எனாமல், பிறக்கின்ற காலத்திலும் அதற்குப் பின்னான முதல் மூன்று வருடங்களிலுமே உருவாகின்றது. அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பெரிய வருத்தம் வந்தால் எனாமல் பலமில்லாமற் போகலாம். அப்படியான பல் முளைக்கும்போதே மங்கலான வெள்ளையாக, அல்லது மஞ்சளாக, மண்ணிறமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். விரைவில் உதிர்ந்து குழி விழும். ஆகவே மாதம் நிறையாமற் பிறந்த பிள்ளைகளையும், குழந்தைப் பருவத்தில் மூளைக்காய்ச்சல் போன்ற வருத்தம் வந்த பிள்ளைகளையும் ஆறு வயதில் கட்டாயம் பற்சிகிச்சை நிலையத்தில் காட்ட வேண்டும். புதிதாக முளைத்த பல்லின் வெடிப்புகளைக் குழி விழ முன்னரே அடைத்துப் பாதுகாக்க முடியும்.

பிடித்து அமத்திய நாள்

மூன்று நாள் கழித்து ஒரு பற்சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே நல்ல சனக்கூட்டம். மகளுக்கு எங்கே போகின்றோம் என்றுகூடத் தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லும் வழியும் எனக்குத் தெரியவில்லை.

உள்ளே இருந்த எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். காது கேளாத பிள்ளைகள் மெசின் போட்டிருந்தாலும் பாதி விடயத்தை எங்கள் உதட்டையும் முகத்தையும் பார்த்தே விளங்கிக்கொள்வார்கள். அங்கே பார்க்க உதடும் இல்லை, முகமும் இல்லை. கதிரையில் இருத்தியதும் அது திடீரென்று பின்னால் சாய்ந்தது. பெரிய லைற் கண்ணுக்கு நேரே எரிந்தது. காதால் கேட்க முடியாதவளுக்குக் கண்ணும் இல்லாமற் போனது. தலையைக் கதிரையில் வைத்து அழுத்தியதும் காது மெசின் கீச்சிடத் தொடங்கியது. பின்னால் இருந்து யாரோ தாடையைப் பிடித்தார்கள்.

அவள் கத்தினாள், உதைத்தாள். "அம்மா, கையைப் பிடியுங்கோ, தம்பி காலைப் பிடி" என்றார்கள். நான் பிடித்தேன்.

சகோதரிகளே, 2009இல் மயக்க மருந்து இல்லாத ஓர் இடத்தில், கணவரின் காயத்துக்கு மருந்து கட்டும்போது அவரைப் பிடித்துக்கொண்டு நின்ற கைகள் இவை. அன்று பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. வேறு வழி இருக்கவில்லை. ஆனால் யுத்தம் முடிந்து பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு, ஊசி இருக்கின்ற, மருந்து இருக்கின்ற இடத்தில், என் பிள்ளையை ஏன் அப்படிப் பிடித்தேன் என்று இரவு முழுக்க யோசித்தேன். அன்று பல்லுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் என்னுடைய கையைக் கடித்துவிட்டு வெளியே ஓடிவிட்டாள். அதன் பிறகு வெள்ளை உடுப்பைக் கண்டாலே நடுங்கினாள்.

அங்கிருந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. காது கேளாத பிள்ளையை எப்படிக் கையாள்வதென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சொல்லியிருக்க வேண்டியவள் நான். எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஒரு கிழமையில் கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரியில் அன்ரிபயோற்றிக் மருந்து தந்தார்கள். வீக்கம் வற்றியது. இங்கேயும் ஒன்றைச் சொல்லவேண்டும். வீக்கம் வற்றினால் பல் சுகமாகிவிட்டது என்று பொருளல்ல. பல்லுக்குள் இருக்கும் கிருமி அங்கேயேதான் இருக்கும். பல்லை அடைக்கும்வரை அல்லது எடுக்கும்வரை அது திரும்பவும் வரும்.

வழி காட்டியவர்கள் இருவர்

மகள் படிக்கின்ற விசேட கல்வி அலகின் ரீச்சர், பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் ஒன்றில் வேலை செய்யும் மிஸ் ஒருவரிடம் எங்களை அனுப்பினார். எங்கள் நாட்டில் நியூசிலாந்தின் முறையைப் பின்பற்றி ஆரம்பிக்கப்பட்ட நல்ல சேவை இது. மகரகமவில் பயிற்சி பெற்ற இந்தச் சிகிச்சையாளர்கள் பிள்ளைகளுக்கென்றே இருப்பவர்கள். பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசமாகப் பல் அடைப்பது, பாற்பல் எடுப்பது, பல் தீட்டப் பழக்குவது எல்லாம் செய்வார்கள். ஆனால் 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகளின் பல்லைப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. என் மகளுக்கு ஆறு வயதுப் பற்கள் முளைத்ததும் அந்தக் காலத்தில்தான்.

அந்த மிஸ் முதல் நாள் என் மகளின் வாயைத் தொடவேயில்லை. கதவடியில் நின்று, எட்டவாக இருந்தபடியே முகக்கவசத்தை இறக்கிச் சிரித்துக் காட்டினார். கதிரையில் முதலில் என்னை இருத்தி, அதை மேலே கீழே ஆட்டிக் காட்டினார். கதிரை ஆடுவதைக் கண்டு மகள் சிரித்துவிட்டாள். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்து, வாய்க்குள் வைக்கும் சின்னக் கண்ணாடியையும் கொடுத்தார். மகள் முதலில் என் பல்லைப் பார்த்தாள். அவ்வளவுதான். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டாம் நாள் பல் சுத்தம் செய்யும் கருவியை மகளின் விரல் நகத்தில் வைத்துச் சுழலவிட்டுக் காட்டினார். காது கேளாத பிள்ளைகளுக்கு அதிர்வு நன்றாகத் தெரியும். முன்கூட்டித் தெரியாமல் பல்லில் அது அதிர்ந்தால் பயந்துபோவார்கள். நகத்தில் தெரிந்துகொண்ட பிறகு அவள் தானே வாயைத் திறந்தாள். "கையைத் தூக்கினால் நிப்பாட்டுவன்" என்று சைகையால் காட்டினார். மகள் சோதித்துப் பார்க்கவென்றே மூன்று தரம் கையைத் தூக்கினாள். மூன்று தரமும் அவர் உடனே நிறுத்தினார். அந்த மூன்று தரத்தில்தான் என் பிள்ளைக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கின்றேன்.

மற்றவர், எங்கள் ஊரில் தையல் செய்கின்ற ஓர் அக்கா. அவரும் காது கேளாதவர். கைதடியில் உள்ள செவிப்புலனற்றோர் பாடசாலையில் படித்தவர். "பல்", "நோ", "ஊசி", "முடிஞ்சுது" என்பவற்றுக்கு எனக்கும் மகளுக்கும் ஒன்றாக இருத்திச் சைகை பழக்கினார். ஊசி போட்டால் கன்னம் விறைக்கும், பிறகு சரியாகிவிடும் என்று தன் கன்னத்தைக் காட்டி நடித்துக் காட்டினார். காது கேட்கின்ற நாங்கள் பத்துப் பேர் சொல்லியும் விளங்காதது, அவர் ஒருதரம் காட்டியதும் மகளுக்கு விளங்கியது.

நிரந்தரப் பல் என்பதால் அதைப் பல் டொக்டர்தான் எடுக்க வேண்டும். மிஸ் ஒரு கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதித் தந்தார். டொக்டர் அதை வாசித்துவிட்டு முகக்கவசத்தை இறக்கி மகளைப் பார்த்துத் தலையாட்டினார். நான் அவளுடைய கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கால்மாட்டில் நின்றேன். ஊசிக்கு முன் "சின்ன நோ" என்று காட்டினேன். அவள் கண்ணீர் விட்டாள், ஆனால் ஓடவில்லை. ஒருவரும் அவளைப் பிடிக்கவில்லை. எடுத்த பல்லைப் பஞ்சில் வைத்து அவளிடமே கொடுத்தார்கள். மற்ற மூன்று ஆறு வயதுப் பற்களையும் பின்னர் மிஸ் அடைத்துக் காப்பாற்றித் தந்தார்.

கூட்டிப்போக முன்னர்

உங்கள் பிள்ளையைப் பல் கிளினிக்குக் கொண்டுபோக முன்னர் இவற்றைச் செய்யுங்கள்.

போகும் இடத்தைப் படம் கீறியோ, கதிரையில் சாய்ந்து நடித்தோ முதல்நாளே காட்டுங்கள். ஏமாற்றிக் கூட்டிப்போக வேண்டாம்.

உள்ளே போனதும், "பிள்ளைக்குக் காது கேளாது, முகத்தைப் பார்த்துத்தான் விளங்குவா. தொடங்க முதல் ஒருக்கால் முகத்தைக் காட்டுங்கோ" என்று சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். யன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் உதடு பிள்ளைக்குத் தெரியாது.

கதிரையைச் சாய்க்க முன்னும், வாயைத் தொட முன்னும் பிள்ளைக்குச் சைகை காட்டும்படி கேளுங்கள். நிறுத்துவதற்கான சைகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல் விட்டால் பிள்ளை பிறகு யாரையும் நம்பாது.

காது மெசினைப் பேச்சு முடியும்வரை போட்டு வையுங்கள். பல் குடையும் மெசின் சத்தத்தை அது பெருப்பித்துக் கொடுக்கும் என்பதால், வேலை தொடங்கும்போது பிள்ளைக்குக் காட்டிவிட்டு நிறுத்துங்கள் அல்லது கழற்றுங்கள். முடிந்ததும் முதல் வேலையாக மாட்டிவிடுங்கள். சத்திரசிகிச்சை செய்து காதுக்குள் கொக்லியர் கருவி பொருத்திய பிள்ளையாக இருந்தால், அதைக் கட்டாயம் முதலிலேயே சொல்ல வேண்டும். மின்சாரத்தால் சதையை வெட்டுகின்ற சில கருவிகளை அந்தப் பிள்ளைகளுக்குப் பாவிக்கக்கூடாது.

பாவம் என்று கொடுத்த இனிப்பு

குழி ஏன் விழுந்தது என்று மிஸ் என்னிடம் கேட்டபோது நான் வெட்கப்பட்டேன். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "பாவம், பேச்சு வராத பிள்ளை" என்று ஒரு ரொபியைக் கையில் வைப்பார்கள். நானும் அப்படித்தான். விளங்கப்படுத்த முடியாத ஒவ்வொரு தடவையும் இனிப்பைக் கொடுத்தேன். அழுதால் பிஸ்கற். மெசின் போட மறுத்தால் ரொபி.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கே வந்தது என்று யோசித்தேன். 2009இல் மெனிக் பாம் முகாமில் மூத்த மகளோடு இருந்தபோது, அவள் பசியில் அழுதால் சீனித் தேத்தண்ணிதான் கொடுத்தேன். அன்று வேறு என்ன இருந்தது? பல் தீட்டவே தண்ணீருக்கு வரிசை. அந்தக் காலம் போய்விட்டது. கை மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை.

சீனி வாயில் பட்டதும் பல்லில் இருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்கும். அந்த அமிலம் அரை மணித்தியாலம் வரை, சில வேளை அதற்கும் மேலாகப் பல்லை அரிக்கும். பிறகு எச்சில் அதைச் சரிசெய்யும். ஆகவே ஒருநாளில் எவ்வளவு சீனி என்பதை விட, எத்தனை தரம் என்பதே முக்கியம். நாள் முழுக்க இடைக்கிடை ஒவ்வொரு ரொபி சாப்பிட்டால் எச்சிலுக்கு நேரமே கிடைக்காது. இனிப்புக் கொடுப்பதானால் சாப்பாட்டோடு ஒருதரம் கொடுங்கள். இடையில் பசித்தால் அவித்த கடலை, பயறு, கொய்யாப்பழம் போதும். இனிப்பு மருந்துப் பாணி குடித்த பிறகும் வாயைக் கொப்பளிக்க வையுங்கள். வருபவர்களிடம், "இனிப்பு வேண்டாம், பிள்ளையோட கொஞ்ச நேரம் விளையாடுங்கோ" என்று நான் இப்போது சொல்லிவிடுகின்றேன்.

கண்ணால் பழக்குங்கள்

காலையும் இரவும் இரண்டு நிமிடம் பல் தீட்ட வேண்டும். இரவு தீட்டியபின் தண்ணீர் தவிர வேறொன்றும் கூடாது. ஏழு எட்டு வயது வரை பிள்ளை தீட்டிய பிறகு தாயும் ஒருதரம் தீட்டிவிட வேண்டும்.

காது கேட்கும் பிள்ளைக்கு எண்ணிச் சொல்லலாம். என் மகளுக்கு நான் அவளுக்குப் பின்னால் நின்று, இருவரும் ஒரே கண்ணாடியைப் பார்த்தபடி தீட்டுவோம். என் கையில் பிறஷ் இருக்கும்போது சைகை காட்ட முடியாது. ஆகவே தோளில் ஒருதரம் தட்டினால் பக்கம் மாற்று, இரண்டு தரம் தட்டினால் துப்பு என்று வைத்துக்கொண்டோம். தானே தீட்டும்போது ஒவ்வோர் இடத்துக்கும் நான் கண்ணாடியில் பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டுவேன்.

புளோரைட் உள்ள பற்பசையே நல்லது. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவு. அதன் பிறகு ஒரு பட்டாணி அளவு போதும். தீட்டியபின் நுரையைத் துப்பினால் போதும். நிறையத் தண்ணீரால் அலசினால் புளோரைட் கழுவுப்பட்டுப் போய்விடும். உமிக்கரி, செங்கல் தூள் எனாமலைத் தேய்த்துவிடும்.

எங்கள் பக்கமும் அநுராதபுரப் பக்கமும் சில கிணற்றுத் தண்ணீரில் இயற்கையாகவே புளோரைட் கூட. அதைச் சிறு வயதிலிருந்து குடித்தால் பல்லில் வெள்ளைக் கோடும் மண்ணிறக் கறையும் வரும். அது அழுக்கல்ல; தேய்த்துப் போக்க முடியாது. அப்படியான இடங்களில் குடிதண்ணீரைப் பற்றியும் பற்பசையைப் பற்றியும் கிளினிக்கில் கேட்டு நடவுங்கள்.

இவற்றைக் கண்டால் தாமதிக்க வேண்டாம்

பேச முடியாத பிள்ளை நோவை வேறு விதமாகக் காட்டும். ஒரு பக்கத்தால் மட்டும் சப்புதல், குளிர்ந்த தண்ணீரைத் தள்ளுதல், இரவில் எழும்புதல், காதையோ கன்னத்தையோ அடித்தல், மெசின் போட மறுத்தல், காரணமில்லாத கோபம் என்பவற்றைக் கண்டால் குழப்படி என்று அடிக்க முன் வாயைப் பாருங்கள்.

கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தால், வாய் திறக்க, விழுங்க, மூச்சுவிடக் கஷ்டமானால், வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நோவுக்குப் பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில் பரசிற்றமோல் கொடுக்கலாம். அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. முரசில் குளிசையை வைத்தால் முரசு வெந்துபோகும். கராம்பெண்ணெயும் அப்படித்தான்.

விழுந்து அடிபட்டு நிரந்தரப் பல் முழுதாகக் கழன்றால், வேரைத் தொடாமல் மேற்பக்கத்தைப் பிடித்து எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஊத்தை பட்டிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ மெதுவாக அலசி அதே குழியில் வைத்து, ஒரு துணியைக் கடிக்கச் செய்யுங்கள். முடியாவிட்டால் பாலுக்குள் போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோங்கள். பாற்பல்லைத் திரும்ப வைக்கக்கூடாது.

இப்போது

போன வருடம் ஒருநாள் நான் அடுப்படியில் நின்றேன். மகள் வந்து என் சேலையை இழுத்தாள். இடது கன்னத்தை ஒரு விரலால் தட்டினாள்: பல். கையை மூடித் திறந்தாள்: நோ. பிறகு சுண்டுவிரலைக் காட்டினாள்: சின்னது.

அடுப்பை நூர்த்துவிட்டு ரோச் லைற்றை எடுத்தேன். பாற்பல் ஒன்றில் ஊசிமுனை அளவு கறுப்பு. அடுத்த கிழமை மிஸ்ஸிடம் போனோம். கதிரையில் தானே ஏறிச் சாய்ந்தாள். கால் மணித்தியாலத்தில் அடைத்தாயிற்று. வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாவுக்குத் தன் பல்லைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

கழற்றிய பல்லின் இடைவெளி இப்போதும் இருக்கின்றது. அவள் சிரிக்கும்போது வெளியே தெரியாது. எனக்குத் தெரியும்.

சகோதரிகளே, இன்றிரவு இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் பிள்ளையின் வாயை வெளிச்சத்தில் ஒருதரம் பாருங்கள். பல், நோ, நிறுத்து என்ற மூன்றுக்கும் உங்கள் இருவருக்கும் விளங்குகின்ற மூன்று சைகைகளை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு வேண்டாம், படிப்பும் வேண்டாம். பிள்ளைக்கு நோ வரும் நாளில் அதைச் சொல்ல அவளிடம் ஒரு சைகை இருக்கும்.